'மழை' என்று எழுதியிருந்த வரி

ஒரு பிரிட்ஜின் வெப்பநிலையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும் புரோகிராம் அது. அதற்கு வேறு வேலையே கிடையாது. பிரிட்ஜுக்குள் வைத்திருக்கும் வெப்பமானியிடம் எண்ணைக் கேட்டு வாங்கும். தேதியும் மணியும் சேர்த்து ஒரு வரியாகக் கோப்பில் போடும். திரையிலும் பெரிதாகக் காட்டும். இதை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றித்தர முடியுமா என்று கேட்டபோது, "ரெண்டு நாள் வேலை" என்றேன். எந்த வேலையைக் கேட்டாலும் ரெண்டு நாள் வேலை என்று சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு.

கேட்டவர் ஒரு டாக்டர். ஜவ்வாது மலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவ நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பு. வாரத்தில் ஒருநாள் மட்டும் மேலே போவார். மற்ற நாட்களில் அங்கே டாக்டர், கம்பவுண்டர், காவலாளி எல்லாமே ஒரு நர்ஸ்தான். பிரிட்ஜில் பாம்புக்கடி மருந்தும் இன்சுலினும் இருந்தன. இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, எட்டுக்கு மேலேயும் ஏறக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு இல்லாவிட்டால் அந்த நேரம் முழுக்கக் குளிர் இல்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த, சோப்புப் பெட்டி அளவிலான லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருந்தது. அதில் பழைய புரோகிராமை ஓடவைக்க வேண்டும்.

நான் திருப்பத்தூரில், வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இந்த மாதிரி சில்லறை வேலைகளைச் செய்கிறவள். பெரிய கம்பெனிகளில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியாயிற்று. எனக்குப் பிடித்ததெல்லாம் அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் பிரித்துப் பார்ப்பதுதான். அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கும் ஆசைதான் அது, ஒளிப்பானேன்?

ஒரே வேலையை இரண்டு இயங்குதளங்களும் எத்தனை வேறு விதமாகச் செய்கின்றன என்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சலிக்காது. விண்டோஸில் வெப்பமானி செருகியிருக்கும் துளைக்கு ஒரு பெயரும் எண்ணும் உண்டு. லினக்ஸிலோ எல்லாமே கோப்புதான். வெப்பமானியும் கோப்பு, திரையும் கோப்பு, ஒன்றுமில்லாத வெறுமைக்கும்கூட ஒரு கோப்பு இருக்கிறது. விண்டோஸ் ஒரு வரியை முடிக்க இரண்டு குறிகள் போடும். முதல் குறி பழைய தட்டச்சு இயந்திரத்தின் தலையை இடப்பக்கம் தள்ளுவதற்கு, இரண்டாவது காகிதத்தை ஏற்றுவதற்கு. தட்டச்சு இயந்திரம் போய் எத்தனையோ காலமாகியும் அந்தக் கை அசைவு போகவில்லை. லினக்ஸ் ஒரே குறியோடு நிறுத்திக்கொள்ளும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கும் கோப்பும் சின்ன எழுத்தில் ஆரம்பிக்கும் கோப்பும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. புகுந்த வீட்டில் எந்தக் கிண்ணம் எதற்கு என்று தெரியாமல் நிற்கும் மருமகள் போல முதல் நாள் முழுக்க அந்தப் புரோகிராம் திருதிருவென்று விழித்தது.

எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. "யாரோ ஒருத்தர் வந்தார், நாலு நாள் மேலேயே தங்கி எழுதிக் கொடுத்துட்டுப் போனார்" என்றார் டாக்டர். மனிதர் வாயைத் திறக்காத ஆசாமி. நிரலுக்கு இடையில் விளக்கக் குறிப்பு எழுதுவது வழக்கம். அவர் எங்கேயும் எழுதவில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. கோப்பில் ஒவ்வொரு வரியையும் எழுதிய பிறகு ஒரு சின்னக் கட்டளை வந்தது. அதன் பக்கத்தில், ஆங்கில எழுத்துகளில், 'மழை' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மகளின் பெயரோ? இந்தக் காலத்தில் மழை என்றும் பெயர் வைக்கிறார்கள். அல்லது எழுதிக்கொண்டிருக்கும்போது மழை வந்து, துணியை எடுக்க ஓடினாரோ? அந்தச் சொல்லைப் பற்றி யோசித்த நேரத்தில் பாதியைக்கூட அந்தக் கட்டளையைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கட்டளை செய்த வேலை இது: எழுதியதைக் கையில் வைத்திருக்காதே, இந்த நிமிடமே வட்டில் இறக்கு. அது விண்டோஸுக்கு மட்டும் புரியும் முறையில் எழுதப்பட்டிருந்ததால் லினக்ஸ், 'எனக்குத் தெரியாது' என்று கையை விரித்தது. லினக்ஸில் அதற்கு இணையான கட்டளை உண்டு, எனக்கும் தெரியும். ஆனால் முப்பது எழுத்துக்காக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டைத் தட்டி எழுப்புவானேன் என்று தோன்றியது. அந்தச் சோப்புப் பெட்டியில் இருந்தது வட்டுகூட இல்லை, ஒரு நினைவக அட்டை. அடிக்கடி எழுதினால் தேயும். பொதுவாகக் கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்றால், எழுத வேண்டியதை நினைவில் சேர்த்துக்கொண்டே வந்து, தானியம் அளப்பவர் போல, மரக்கால் நிறைந்ததும் மூட்டையில் கொட்டும். அதுதான் சிக்கனம். மழை வரியை நீக்கினேன். புரோகிராம் ஓடியது. மாற்றிக் கொடுத்ததோடு மேம்படுத்தியும் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

முன்னறையில் இரண்டு நாள் ஓடவிட்டேன். முறையாக நிறுத்தினேன். நிறுத்தும்போது கையில் மிச்சம் இருப்பதையும் கொட்டிவிட்டுத்தான் அது தூங்கப் போகும். அத்தனை வரிகளும் ஒழுங்காக இருந்தன.

ஆலங்காயம் வழியாகப் பஸ் ஏறிப் போய் நானே பொருத்திவிட்டு வந்தேன். நர்ஸ் வாணியம்பாடிக்காரர். நாற்பது வயது இருக்கும். துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டே நாலு பேருக்கு ஊசி போட்டு, இரண்டு பேரைத் திட்டி, எனக்கு டீயும் கொடுத்தார். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், சோப்பு டப்பா மாதிரி இருக்குது. இதுவா எல்லாத்தையும் எழுதும்?"

"எழுதும் சிஸ்டர். இனிமே நீங்க நோட்டுல எழுதவே வேணாம்."

அதுவரை அவர் காலையும் மாலையும் பேனாவால் ஒரு நோட்டிலும் எழுதி வந்தார். நான்தான் அதை நிறுத்தச் சொன்னேன். எப்படி அணைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். பட்டனை அழுத்தணும், நிச்சயமா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லணும், திரை இருண்ட பிறகுதான் சுவிட்சைத் தொடணும். அவர் ஒப்பித்துக் காட்டினார். பிரிட்ஜ் கூரைமேல் இருந்த சோலார் தகட்டிலும் பேட்டரியிலும் ஓடியது, கம்ப்யூட்டர் மட்டும் சுவரில் இருந்த கரண்டில். பழைய கம்ப்யூட்டரின் பிளக்கில் நீல நைலான் கயிறு ஒன்று கட்டி, மறுமுனையை வாசற்படி பக்கம் ஆணியில் மாட்டியிருந்தது. பிளக் தொங்காமல் இருக்கக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் கிளம்பும்போது நர்ஸ் அந்தக் கயிற்றை அவிழ்த்துப் புதுப் பெட்டியின் பிளக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, புரட்டாசியில், டாக்டர் போன் செய்தார். நான் அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன மாசப் பதிவுல எட்டு நாள் ஓட்டை விழுந்திருக்கு. ஒருநாள் ரெண்டு மணி நேரம், ஒருநாள் பத்து மணி நேரம்னு ஒண்ணுமே இல்ல. உங்க புரோகிராம்ல தப்பு இருக்குமா?"

"மெஷின் பொய் சொல்லாது டாக்டர். யாரோ அணைச்சிருப்பாங்க" என்றேன், தோசையைத் திருப்பிப் போட்டபடி.

"சிஸ்டர் அணைக்கவே இல்லங்கறாங்க. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. அணைச்சேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. மருந்து மொத்தத்தையும் தனியா எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். விளக்கம் கேட்டு லெட்டர் குடுத்தாச்சு. திங்கக்கிழமை வரைக்கும் பாத்துட்டு வேற ஆள் போட வேண்டியதுதான்."

போனை வைத்த பிறகு தோசை நன்றாகத்தான் இறங்கியது. அவர் அனுப்பிய கோப்பைச் சாப்பிட்டு முடித்துத்தான் திறந்தேன். நர்ஸின் மேல் அக்கறையால் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். வெறும் வேடிக்கை பார்க்கும் ஆசை அது.

முதல் ஓட்டைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஓட்டைக்கு முந்தைய கடைசி வரி முழுதாக இல்லை. தேதி இருந்தது, மணி இருந்தது, பிறகு 4, ஒரு புள்ளி. புள்ளிக்குப் பிறகு வர வேண்டிய எண் இல்லை. அந்தப் புள்ளியை ஒட்டியே, ஏழு மணி நேரம் கழித்து எழுதிய அடுத்த வரி ஆரம்பித்தது. யாராவது கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைத்தால் வரி இப்படிப் பாதியில் அறுபடாது. ஓட்டை முடிந்ததும் வந்த முதல் எண் 5.1. ஒவ்வொரு ஓட்டைக்குப் பிறகும் நாலே முக்கால், ஐந்து, ஐந்தேகால் என்றே இருந்தது. விதிப்படி ஏழு மணி நேரம் குளிரே இல்லாமல் கிடந்த பிரிட்ஜ், கேட்டவுடன் ஐந்து டிகிரி என்று எப்படிப் பதில் சொல்லும்?

மரக்கால் நிறைந்து கொட்டும்போது அது வரியின் நடுவா கடைசியா என்று பார்ப்பதில்லை, நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து சேர்ந்ததும் கொட்டிவிடும். அதனால் வரி அறுபடலாம். அதுவரை புரிந்தது. ஆனால் அடுத்த மரக்கால் எங்கே போயிற்று? பாதி அளந்த சாமையோடு யாரோ மரக்காலைப் பிடுங்கிப் போனது போல இருந்தது. முறையாக அணைக்காமல் எட்டு நாள் எப்படி நின்றிருக்கும்? கரண்ட் போயிருக்கலாம் என்றால், அந்த நாட்களில் கரண்ட் இருந்ததை டாக்டரே விசாரித்து வைத்திருந்தார். எனக்கு அந்தப் பாதி எண்ணை விட்டுவிட மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

நர்ஸ் இந்த முறை டீ கொடுக்கவில்லை.

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களாமே."

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "பாக்கத்தான் வந்திருக்கேன் சிஸ்டர்."

"பாருங்க. நாலு வருசமா இங்க இருக்கறேன். பொண்ணு பத்தாவது படிக்குது, நடுவுல எங்க கொண்டு போய்ச் சேக்கறது? பிரிட்ஜைக் கூடப் பாத்துக்கத் தெரியாதவன்னு பேரு வந்துட்டா வாணியம்பாடியிலகூட எவனும் வேலைக்கு வெச்சிக்க மாட்டான். நம்பர நான் கண்ணால பாத்தேன். தெனம் பாத்தேன். அஞ்சு, அஞ்சுன்னுதான் இருந்துச்சு."

"நீங்க இதை அணைச்சீங்களா?"

"இல்லீங்க."

"வேற யாராச்சும்?"

"இங்க யாரு இருக்கறாங்க தொட? அணைக்கவே இல்ல."

பெட்டிக்குள் தேடினேன். எப்போது தொடங்கினோம், எப்போது தூங்கினோம் என்று லினக்ஸ் தனக்கென்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். அந்த எட்டு நாளும் அது புதிதாகத் தொடங்கியிருந்தது. தூங்கப் போன குறிப்பு ஒன்றுகூட இல்லை. கரண்டும் போகவில்லை, இவரும் அணைக்கவில்லை, ஆனால் கம்ப்யூட்டர் எட்டு முறை செத்துப் பிழைத்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தம்மா பொய் சொல்கிறார் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் ஆட்டத்தைப் பற்றி எனக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை.

மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காலில் கட்டுப் போட்டுக்கொள்ள வந்த ஒரு அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேலே, சாமைக் கொல்லையில், கொடுவாள் பட்டுவிட்டதாம். நர்ஸ் குனிந்து துணி சுற்றிக்கொண்டிருந்தார். தூரத்தில் வானம் ஒரு முறை உறுமியது. நர்ஸ் தலையை நிமிர்த்தவில்லை. கட்டை முடிச்சுப் போட்டார், எழுந்தார், இரண்டு எட்டில் வாசற்படிக்குப் போய் ஆணியிலிருந்த நீலக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பிளக் சுவரிலிருந்து பிய்ந்து தரையில் விழுந்தது. திரை அணைந்தது. கட்டுப் போட்ட அம்மா நொண்டிக்கொண்டே எழுந்து போய் மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"சிஸ்டர்! அணைக்கவே இல்லன்னு சொன்னீங்களே!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "அணைக்கலியே மேடம். ஒயரத்தான புடுங்குனேன். அணைக்கறதுன்னா நீங்க சொல்லிக் குடுத்தாப்ல பட்டன அமுக்கி, அது கேட்டு, நாம ஆமான்னு சொல்லணுமில்ல? அதெல்லாம் நான் ஒருநாளும் பண்ணல."

"எதுக்குப் புடுங்குனீங்க?"

பதில் சொன்னது பெஞ்சிலிருந்த அம்மா. "மழ வருதில்லமா? எடி எறங்குனா ஒயருல பூந்து வந்துடும். போன வருசம் எங்க பக்கத்து வூட்டு டிவி படார்னு வெடிச்சிக்கிச்சு. மழன்னா புடுங்காம இன்னா பண்ணுவாங்க?"

"சுச்சு அணைச்சா பத்தாதுங்க" என்றார் நர்ஸ். "அதுக்குள்ளயும் பூந்துடும். கையால தொடவும் பயம். அதுக்குத்தான் கயிறு. மழ வுட்டதும் சொருகிடுவேன், அதுவே ஓட ஆரம்பிச்சுடும். பழைய கம்ப்யூட்டருக்கும் இப்டித்தான். யாருமே ஒண்ணும் கேட்டதில்ல."

மலையில் அத்தனை வீட்டிலும் நடக்கிற காரியம். மழையில் குடை பிடித்தேன் என்று விளக்கக் கடிதத்தில் யாராவது எழுதுவார்களா? அவர் சொல்லவில்லை, டாக்டர் கேட்கவில்லை.

கூரையில் மழை கொட்ட ஆரம்பித்தது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்தது. மழை. நாலு நாள் இங்கேயே தங்கியிருந்த அந்த ஆசாமி இதே வாசற்படியில் இந்தக் கயிறு இழுபடுவதைப் பார்த்திருக்கிறார். கயிற்றை இழுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எந்த நொடியில் பிடுங்கினாலும் அதுவரை எழுதியது வட்டில் இறங்கியிருக்க வேண்டும் என்று ஒரு கட்டளையைப் போட்டார். ஏன் என்பதையும் ஒரே சொல்லில் எழுதினார். மலைக்கு வந்து பார்த்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும். நான் முன்னறையில் உட்கார்ந்து அதை அவர் மகளாக்கிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. நர்ஸ் பிளக்கைச் செருகினார். கோப்பைத் திறந்தேன். காலை ஆறு மணிக்குச் சற்று மேல் ஒரு வரி பாதியில் நின்றது. அதற்குப் பிறகு இப்போது எழுதிய வரிதான். இடையில் நான் வந்து உட்கார்ந்து, திரையில் 4.9, 5.0 என்று என் கண்ணாலேயே பார்த்த எண்கள் ஒன்றுகூட இல்லை.

"சிஸ்டர், இங்க வாங்க" என்று கூப்பிட்டுக் காட்டினேன். மரக்காலையும் மூட்டையையும் சொல்லி விளக்கினேன். "நீங்க பாத்த நம்பரெல்லாம் நெஜம். திரைக்கு வந்திருக்கு. ஆனா எழுதற இடத்துக்குப் போறதுக்குள்ள மழை வந்திருக்கு. பழைய புரோகிராம் ஒவ்வொண்ணையும் உடனே எழுதிடும். அதனால பிளக்கு கழட்டி வெச்ச அரை மணி நேரம் மட்டும்தான் அதுல விடுபட்டிருக்கும். அந்த வரிய நான்தான் எடுத்தேன். தப்பு உங்களுது இல்ல, என்னுது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்தார்.

என் மடிக்கணினியை எடுத்து, லினக்ஸுக்குப் புரியும் விதத்தில் அந்தக் கட்டளையைத் திரும்ப எழுதினேன். பத்து நிமிட வேலை. பக்கத்தில் மழை என்று போட்டேன். அதன் கீழே, என்னைப் போன்ற மூடர்களுக்காக, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவார்கள், இதை நீக்காதே என்று இரண்டு வரியும் சேர்த்தேன். கால் மணி நேரம் ஓடவிட்டு, "இழுங்க சிஸ்டர்" என்றேன். வானம் வெளுத்திருந்தது. அவர் தயங்கினார், பிறகு கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. மறுபடி செருகிப் பார்த்தோம். கடைசி வரிவரைக்கும் இருந்தது, புள்ளிக்குப் பின்னால் எண்ணோடு. கட்டுப் போட்ட அம்மா பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டத் தோன்றியது. நர்ஸின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

டாக்டருக்கு அங்கிருந்தே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். 

"அப்ப அன்னிக்கு மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்களே?"

"மெஷின் சொல்லல டாக்டர். நான்தான் சொன்னேன்."

"எழுத்துல குடுங்க. சிஸ்டருக்குக் குடுத்த லெட்டர நான் வாபஸ் வாங்கிக்கறேன். மருந்து என்னவோ போனது போனதுதான், பதிவு இல்லாம அதை ஒருத்தருக்கும் போட முடியாது. புதுசு செவ்வாய்க்கிழமை வரும்."

மருந்து அட்டைப்பெட்டியில், அறை மூலையில் இருந்தது. அதுவரை யாராவது பாம்புக்கடியோடு வந்தால் கீழே ஆலங்காயத்துக்குத்தான் ஓட வேண்டும். அந்தப் பெட்டியை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. நர்ஸின் மேஜையிலேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். தேவையென்று இருந்த ஒரு கட்டளையை, அது ஏன் இருக்கிறது என்று விசாரிக்காமல் நான் நீக்கினேன். நர்ஸ் சொன்னதெல்லாம் உண்மை. அவர் தன் கடமையில் தவறவில்லை. கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று ஆகாமல் இந்த அளவில் முடிந்ததே என்று எனக்குள் ஒரு நிம்மதி வரப் பார்த்தது. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்தார். டீ போட எழுந்தவர், நின்று திரும்பிக் கேட்டார்.

"இத எழுதிக் குடுத்துட்டீங்களே மேடம், உங்கள இன்னா பண்ணுவாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமான பயம் அது. தனக்கு நடக்கவிருந்ததெல்லாம் இனி எனக்கு நடக்கும் என்று நினைத்துவிட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க சிஸ்டர்" என்றேன். அதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசியது.